அவர் நடந்த தூரம்

கண்ணை மூடிக்கொள்ளும்படி டாக்டரம்மா சொன்னார். மேசையில் கால் நீட்டிப் படுத்திருந்த கஸ்பார் மூடிக்கொண்டார்.

“பாதத்துல அங்கங்க தொடுவேன். தொடுறது தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க.”

டாக்டரம்மா கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை இருந்தது. அதைக் கட்டைவிரலின் அடியில் வைத்து, வளையும் வரை அழுத்தினார்.

“தெரியுது.”

சுண்டுவிரலுக்குக் கீழே.

“தெரியுது.”

பாதத்தின் நடுவில்.

“தெரியுது.”

பிறகு டாக்டரம்மா இழையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பாண்டிச்சேரியின் மத்தியான வெயில் தெருவைக் காலியாக்கி வைத்திருந்தது.

“தெரியுது,” என்றார் கஸ்பார்.

ஓரத்து ஸ்டூலில் இருந்த கஸ்பாரின் மனைவி அருள்மேரி டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் அவளைப் பார்த்தார். ஒரு தொடலுக்கும் அடுத்த தொடலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விழுகிறது என்று கஸ்பார் பிடித்து வைத்திருந்தார். உப்பு வாரும் பலகைகளின் சத்தத்தை வைத்தே பாத்தியில் யார் வேலை செய்கிறார்கள், யார் சாய்ந்து நிற்கிறார்கள் என்று கொட்டகைக்குள்ளிருந்து சொல்லிவிடுகிற மேஸ்திரி அவர். அவருக்கு இது பெரிய காரியமில்லை.

2005 தை மாதம் அது. கடல் ஊருக்குள் வந்துபோய் அதிக நாள் ஆகவில்லை. குப்பங்களின் சாவுகளுக்குப் போய்ப் போய் அவர்கள் ஊரான மரக்காணம் ஓய்ந்துபோயிருந்தது. யாரும் இன்னும் சத்தமாகப் பேச ஆரம்பிக்கவில்லை. அந்த நேரத்தில் சர்க்கரை நோயென்று ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருப்பதே அருள்மேரிக்குக் கூச்சமாக இருந்தது.

“மாத்திரை எழுதித் தர்றேன். அது பாதி வேலைதான் செய்யும். மீதிய நடைதான் செய்யணும்,” என்றார் டாக்டரம்மா. “சக்கரை நேரா வந்து ஆளைக் கொல்லாது. ஹார்ட்டு, கிட்னின்னு ஆளனுப்பிக் கொல்லும். நடக்கிறவங்ககிட்ட அவ்வளவு சீக்கிரம் நெருங்காது. வருஷக்கணக்கா ஆளுங்களக் கவனிச்சிப் பாத்திருக்காங்க. ஒரே வயசு, ஒரே சக்கரை. நடந்தவங்கள்ல செத்தவங்க குறைச்சல். உக்காந்தே இருந்தவங்கள்ல அதிகம்.”

“நான் உப்பளத்து மேஸ்திரிம்மா. காலையில போனா பொழுது சாஞ்சிதான் வீடு,” என்றார் கஸ்பார்.

“அங்க என்ன செய்வீங்க?”

கஸ்பார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அருள்மேரிக்குப் பதில் தெரியும். எடை மேடைக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. லாரி வந்தால் எழுந்திருப்பார். லாரி போனால் உட்கார்ந்துவிடுவார். கொட்டகையின் நிழலிலேயே டிவிஎஸ் ஃபிஃப்டி நிற்கும். டீக்கடைக்கு அதில்தான் போவார், வீட்டுக்கும் அதில்தான்.

“செருப்பு இல்லாம ஒரு அடி வைக்கக்கூடாது. பின்பக்கம் வார் வெச்ச செருப்பா வாங்குங்க. கழண்டு போவாது,” என்றார் டாக்டரம்மா.

அந்தச் செருப்பை வாங்கவில்லை. உப்பளத்தில் யாரும் செருப்போடு பாத்திக்குள் இறங்க மாட்டார்கள். வரப்பு ஓரத்தில் உதறிவிட்டு இறங்குவார்கள், ஏறியதும் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு ரப்பர் செருப்புதான் தோது. குனிந்து வார் மாட்டிக்கொண்டிருக்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. கஸ்பார் பாத்தியில் இறங்கிப் பல வருஷம் ஆகியிருந்தாலும் செருப்பு விஷயத்தில் அவர் இன்னும் பாத்திக்காரர்தான்.

“பள்ளிக்கூடத்துக்கா போறேன்?” என்று கடை வாசலிலேயே திரும்பிவிட்டார்.

*

ஒருநாள் நடந்து பார்த்தார். அதையும் சொல்ல வேண்டும்.

காலையில் டிவிஎஸ்ஸை எடுக்காமல் மாதா கோயில் தெருவைத் தாண்டி உப்பளத்துச் சாலையில் இறங்கினார். எதிரே வந்தவர்கள் எல்லாம் நின்றார்கள்.

“என்ன மேஸ்திரி, வண்டி ரிப்பேரா?”

“இல்லப்பா.”

“பெட்ரோல் இல்லியா?”

“இருக்குது.”

“அப்பறம் ஏன் நடக்கிறீங்க?”

நடையென்பது கூடை சுமக்கிறவர்களின் காரியம். அந்தக் கூடையைத் தலையிலிருந்து இறக்கி, நாற்காலியில் ஏறி, பிறகு வண்டியும் வாங்கிய ஒரு ஆள் மறுபடி அதே சாலையில் கையை வீசிக்கொண்டு நடந்தால், முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டாரா என்று ஊர் கேட்காமல் என்ன செய்யும்? அடுத்து வந்த ஆள் சைக்கிளை நிறுத்தி, “ஏறுங்க மேஸ்திரி” என்றான். கஸ்பார் ஏறிவிட்டார்.

சாயங்காலம் அருள்மேரி ஆரம்பித்தாள். “டாக்டரம்மா அவ்வளவு சொல்லியும்...”

“சின்ன வயசுல நான் நடந்த நடைய அந்தம்மா பொறந்ததுல இருந்து நடந்திருக்காது. அதெல்லாம் எங்க போச்சி? உடம்புலதான இருக்கும்?”

“இல்லன்னுதான சொல்றாங்க.”

“உனக்கு அவ்வளவு ஆசையா இருந்தா நீ போ. எனக்கும் சேத்து நடந்துட்டு வா.”

சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். குத்தலாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு அருள்மேரியின் மனசில் குத்தலாக விழவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் ஒருவருக்காக இன்னொருவர் உடம்பை வருத்திக்கொள்வது புதிதல்ல. அவள் அண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது மொட்டை போட்டுக்கொண்டது அம்மா. மகள் ரோஸ்லின் குழந்தையாக இருந்தபோது ஜுரத்தில் கண் திறக்காமல் கிடந்தாள். கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலில் போனது அருள்மேரி. ரோஸ்லின் கண் திறந்தாள். பத்தாவது பரீட்சைக்குக்கூட வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்தது அம்மாதான், பாஸானது மகள். பொருத்தனை என்றால் அப்படித்தான். யார் கால் நோகிறது என்று மாதா பார்ப்பதில்லை, யார் பெயரில் நோகிறது என்றுதான் பார்ப்பாள்.

நடை வேறு, பொருத்தனை வேறு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. எட்டாவது வரை படித்தவள். தெரிந்தும், மறுநாள் விடிந்ததும் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

உப்பளத்துச் சாலை நேராகப் போகும். இரண்டு பக்கமும் பாத்திகள். முதலில் எடை மேடை வரும், பிறகு பம்பு கொட்டகை, கடைசியில் ஓடையோரத்து மதகு. நடுவில் நிழல் என்று சொல்ல வேலிக்காத்தான் புதர்கள் மட்டும். தை, மாசியில் ஆட்கள் வரிசையாக நின்று பாத்தியின் தரையை மிதித்து இறுக்குவார்கள். அந்தச் சத்தம் ஈரமாக, ஒரே சீராக இருக்கும். அருள்மேரி அதைக் கேட்டுக்கொண்டு நடந்தாள்.

மிதித்துக்கொண்டிருந்த வேலம்மாள் கூப்பிட்டாள். “மேரியக்கா, காலங்காத்தால எங்க?”

“சும்மாதான் வேலு. நடக்கிறேன்.”

“சும்மா நடக்கிறதுன்னா இங்க வந்து மிதிக்கிறது. எனக்கு இடுப்பு நோவுது, நான் போயி வீட்ல உக்கார்றேன்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அருள்மேரி நிற்காமல் போனாள். “அவருக்காக நடக்கிறேன்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

அன்று சாயங்காலம் கஸ்பார் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “இன்னிக்கி நான் எதுவரைக்கும் போனேன்?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பில் உதடு கோணியது. “பம்பு கொட்டகை வரைக்கும்.”

“மூச்சு வாங்குச்சா?”

“கொஞ்சம்.”

“வாங்கும். வயசாவுதில்ல எனக்கு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் பேச்சு குறைவு. சோறு போடவா, போடு. லாரி வந்துச்சா, வந்துச்சி. அவ்வளவுதான். இருவருமே பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள். ஒரு மழைநாள் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, விளக்கேற்றும்போதுதான் அன்றைய முதல் வார்த்தை வந்ததென்று தெரிந்துகொள்கிறவர்கள். இப்போது சாயங்காலமானால் அவர் அவளுக்காகக் காத்திருந்தார். நான் எதுவரைக்கும் போனேன்? வழியில யாரைப் பாத்தேன்? ஓடையில தண்ணி எவ்வளவு நிக்குது? நாரைங்க வந்திருக்குதா? தெற்கு வரப்பு உடைஞ்சிருந்துச்சே, மண்ணு போட்டாங்களா?

அவளும் பார்த்துக்கொண்டு வரப் பழகினாள். நாரைகளின் கால் ஈரத்தில் பட்டு இன்னும் சிவப்பாகத் தெரிவதை, மதகின் துருவை, அம்பாரமாகக் குவித்த உப்பின் மேல் கீற்று போர்த்தியிருந்ததை. சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில நேரம் கால்விரல்கள் லேசாக அசையும். அவை அசைவது அவருக்குத் தெரியுமா என்று அவள் கேட்டதில்லை.

வெயில் காலம் போயிற்று. உப்பு வாரி முடிந்தது. ஐப்பசியில் பிடித்த மழை விடவேயில்லை. பாத்திகளெல்லாம் ஒரே நீராகிக் கடலோடு கலந்தது போலக் கிடந்தன. அந்த மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் போனாள். வேலையில்லாத கஸ்பார் வீட்டிலேயே இருந்தார். முகம் உப்பியிருந்தது. சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்தது.

“எதுவரைக்கும்?”

“மதகு வரைக்கும்.”

“இந்த மழையில பாவம், எதுக்குப் போனேன்,” என்றார்.

*

கார்த்திகையில் மறுபடி பாண்டிச்சேரி. ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நடக்கிறீங்களா?”

“தினமும்,” என்றார் கஸ்பார்.

“எவ்வளவு தூரம்?”

கஸ்பார் அருள்மேரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, கள்ளத்தனமும் இல்லை. வீட்டில் சாயங்காலம் பார்க்கிற பார்வையேதான். அவளுக்கும் பதில் வாயில் தானாக வந்தது.

“மதகு வரைக்கும் போறாரும்மா. உப்பளம் முழுக்க.”

“அவ்வளவு நடந்துமா இப்படி?” டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “அப்ப மாத்திரைய ஏத்தித்தான் ஆகணும். கிட்னி கசிய ஆரம்பிச்சிருக்குது.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரத்தில் அவர் தூங்கிவிட்டார். கோட்டக்குப்பம் தாண்டியது. கீழ்புத்துப்பட்டு தாண்டியது. அருள்மேரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையல்கள் முன்னைவிட லகுவாகச் சுழன்றன. கொஞ்ச நாளாக ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. மாடிப்படி ஏறினால் வலிக்கிற முழங்கால் எப்போது வலிப்பதை நிறுத்தியது என்று அவளுக்கு ஞாபகமில்லை. இரவில் படுத்தால் விடிந்துதான் கண் திறக்கிறது.

பக்கத்தில் அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ரப்பர் செருப்பு இறுக்கிய தடம் புறங்காலில் குழியாக இருந்தது.

அவர் பெயரில் நடந்த நடையெல்லாம் அவள் உடம்பில்தான் ஒட்டியிருந்தது. அவர் தட்டில் இருந்ததை எடுத்துத் தின்றுவிட்டது போல இருந்தது அவளுக்கு. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. மரக்காணம் வந்ததும் அவரை எழுப்பினாள்.

*

பொங்கல் முடிந்து பாத்தி வேலை தொடங்கிய வாரத்தில் சொன்னாள்.

“நாளையில இருந்து நான் போவமாட்டேன்.”

“ஏன்?”

“நீங்க போங்க. உங்க நடைய நீங்க நடங்க.”

டீ ஆறியது. அன்றைக்கு எதுவரைக்கும் என்று கேட்கவும் இல்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. அவள் போகாததால் சொல்லவும் எதுவும் இல்லை. வீடு பழைய வீடாகிவிட்டது. கரண்டி வைக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. மூன்று வாரம் போல அப்படியே போனது. அவள் விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று அவர் இருந்தார். அவர் எழுந்திருப்பார் என்று அவள் இருந்தாள்.

மாசி பிறந்து ஒரு காலையில் அவர் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். டிவிஎஸ் வாசலிலேயே நின்றது. அருள்மேரி அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல், அவமானப்பட்டவர் மாதிரி நடந்துபோனார். சாலை வளைவில் மறையும் வரை பார்த்தாள். அன்று அவள் கோழி வாங்கிக் குழம்பு வைத்தாள்.

வெயில் ஏறித் திரும்பி வந்தார். முகம் சிவந்து, சட்டை நனைந்திருந்தது. நாற்காலியில் விழுந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“மதகு வரைக்கும் போனேன்.”

“பாத்தேன்.”

“எங்க பாத்த? நீ சொன்னியே, துரு பிடிச்சிருக்குதுன்னு. பாதிதான் பிடிச்சிருக்குது.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வேலம்மாள். கூலி வேலைக்கு நடுவில் வந்திருந்தாள், முழங்கால் வரை சேறு. கையில் ஒற்றைச் செருப்பு.

“மேஸ்திரி செருப்பு பம்பு கொட்டகைகிட்ட கிடந்துச்சி. கூப்புட்டேன், காதுல விழல. ஒத்த செருப்போட மதகு வரைக்கும் போயிட்டு வர்றாரு மனுஷன். வேண்டுதலா?”

கஸ்பார் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. அவர் அப்போதுதான் அதைப் பார்த்தார்.

“அட,” என்றார்.

வேலம்மாள் சிரித்துக்கொண்டே செருப்பை வாசலில் போட்டுவிட்டுப் போனாள். அருள்மேரி தரையில் உட்கார்ந்து அவர் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே நீளமாகக் கிழிந்திருந்தது. வேலிக்காத்தான் முள்ளோ, கிளிஞ்சலோ. கிழிசலின் வாயில் உப்புப் பொருக்கு அப்பியிருந்தது, வெள்ளையாக, மணி மணியாக. விரலால் அதை எடுத்தாள். உள்ளே சதை சிவப்பாகத் தெரிந்தது.

“எரியுதா?”

கஸ்பார் கூரையைப் பார்த்தார்.

“தெரியல மேரி,” என்றார்.

அன்றுதான் அவர் அதைச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். உப்புக்குள்ளேயே கிடக்கிற ஊர் அது. கால் கிழிந்தால் கரை வாய்க்காலின் உப்புத் தண்ணீரில் வைப்பார்கள், கையில் பலகை பட்டாலும் அதே தண்ணீர்தான். காய்ந்துவிடும். எல்லோருக்கும் காய்ந்திருக்கிறது, அவருக்கும் சின்ன வயதில் எத்தனையோ தடவை. “உப்பே பட்டிருக்குது, இதுக்கு மேல என்ன மருந்து?” என்றார். இரண்டு நாள் வாளியில் வாய்க்கால் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் காலை வைத்துக்கொண்டார். வலியில்லாததால் ஆறுகிறதென்று நினைத்தார். அவளும்தான் நினைத்தாள். மூன்றாவது நாள் நாற்றம் வந்தது.

*

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. பிறகு முழங்காலுக்குக் கீழே. ரோஸ்லின் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், மத்தியானமானால் சோறு கொண்டுவருவாள். வந்து அப்பாவின் தலைமாட்டில் நிற்பாள். கால்மாட்டுக்கு வரமாட்டாள்.

பழைய டாக்டரம்மாவும் ஒருநாள் வந்து பார்த்தார். போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போர்த்தினார்.

“வார் செருப்பு சொல்லியிருந்தேனே,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம் கஸ்பார் கண் விழித்தார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அருள்மேரி பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தடவினாள்.

“மேரி.”

“என்னங்க.”

“இன்னிக்கிப் போனேனா?”

ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் கட்டிலுக்கும் குழாயடிக்கும்தான் நடந்திருந்தாள். வார்டில் யாரோ டிபன் கேரியரைத் திறந்தார்கள். ரசத்தின் வாசனை வந்தது.

“போனீங்க,” என்றாள்.

“எதுவரைக்கும்?”

“மதகு வரைக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். விடிவதற்குள் மார்பில் வலி வந்து உயிர் போய்விட்டது. சர்க்கரை ஆளனுப்பும் என்று டாக்டரம்மா சொன்னது அருள்மேரிக்கு ஞாபகம் வந்தது. ரோஸ்லின் அழுதாள். அருள்மேரி துணிகளை மடித்துப் பையில் வைத்தாள், பிளாஸ்க்கைக் கழுவினாள். கட்டிலுக்கு அடியில் அவருடைய இடது கால் செருப்பு மட்டும் இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்களோ. அதையும் பையில் போட்டாள்.

*

முப்பதாம் நாள் பூசை முடியும் வரை அவள் வீட்டை விட்டு இறங்கவில்லை. முடிந்த பிறகும் இறங்கவில்லை. வருகிறவர்கள் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அவரை உட்கார வைத்தது தன் நடைதான் என்று ஒருநாள் நினைப்பாள். அவரை முள்ளில் இறக்கிவிட்டது தன் பிடிவாதம்தான் என்று இன்னொரு நாள் நினைப்பாள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பாள். எதுவும் குத்தவில்லை. யாரோ ஒரு பெண்ணைப் பற்றி யாரோ சொன்ன செய்தி மாதிரி இருந்தது. மத்தியானம் படுத்தால் சாயங்காலம் எழுந்திருப்பாள். கால் கனத்தது. தண்ணீர் குடித்துக்கொண்டேயிருந்தாள். ஆவணியில் குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

ரோஸ்லின் வந்து கூட்டிப்போனாள். அதே டாக்டரம்மா. காகிதத்தைப் பார்த்தார்.

“உங்களுக்கும் இருக்குதும்மா. இப்ப வந்தது இல்ல, ரொம்ப வருஷமா இருந்திருக்கும்.”

“எங்கப்பாவுக்கும் இருந்துச்சி,” என்றாள் அருள்மேரி.

“படுத்துக் கண்ண மூடுங்க. பாதத்துல தொடுவேன்.”

அவள் படுத்தாள். மூடினாள். இழை கட்டைவிரலின் அடியில் பட்டது. எறும்பு ஊருகிற மாதிரி.

“தெரியுது.”

சுண்டுவிரலுக்குக் கீழே.

“தெரியுது.”

பாதத்தின் நடுவில். குதிகாலுக்குப் பக்கத்தில். ஒவ்வொன்றும் தெரிந்தது. பிறகு ஒன்றும் படவில்லை. இருட்டில் காத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா இழையை மடியில் வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இந்த இருட்டில் இப்படித்தான் அவர் கிடந்திருப்பார், அவருக்கு எல்லாத் தொடலும் இதே மாதிரி ஒன்றுமில்லாமல்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் இருந்தது. இழை மறுபடி பட்டது.

“தெரியுது,” என்றாள்.

“நல்லா இருக்குது காலு. இத்தனை வருஷ சக்கரைக்கு ஹார்ட்டு, கிட்னி ஒண்ணுத்துலயும் அது கைய வைக்கல.” டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். “நடப்பீங்களா?”

“நடந்துக்கிட்டிருந்தேன்.”

“எதுவரைக்கும்?”

“மதகு வரைக்கும்.”

பேனா நின்றது. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். “அவரும் மதகு வரைக்கும்னுதான சொன்னீங்க. ரெண்டு பேரும் சேந்து போவீங்களா?”

ரோஸ்லின் அம்மாவைப் பார்த்தாள். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும் வரை அருள்மேரி காத்திருந்தாள்.

“இல்லம்மா. நான் மட்டும்தான் போனேன்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். மீதியை எழுதி முடித்துக் காகிதத்தை ரோஸ்லினிடம் கொடுத்தார்.

“விட்டுட்டீங்க இல்ல, அதான் விழுந்தீங்க. மறுபடி போங்க,” என்றார்.

*

ரோஸ்லின் பாண்டிச்சேரியிலேயே இருக்கச் சொன்னாள். பீச்சில் எல்லோரும் நடக்கிறார்கள், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள் என்றாள். அருள்மேரி கேட்டுக்கொண்டு, வார் செருப்பு மட்டும் வாங்கித் தரச் சொன்னாள்.

அந்த வருஷத்தின் கடைசி உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமென்று எல்லாப் பாத்தியிலும் ஆட்கள். கொட்டகையில் புது மேஸ்திரி உட்கார்ந்திருந்தான். நாற்காலி அதேதான். அருள்மேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். பம்பு கொட்டகை வந்ததும் சாலை ஓரத்தைப் பார்த்தாள். முள்ளும் கிளிஞ்சலும் பொருக்கும் எப்போதும் போலக் கிடந்தன. நின்றாள். பிறகு நடந்தாள்.

வேலம்மாள் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். காலைப் பார்த்தாள்.

“என்னக்கா, பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி வார் செருப்பு?”

“டாக்டரு சொன்னாங்க. எனக்கும் சக்கரை இருக்குதாம்.”

வேலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எதுவரைக்கும் போறீங்க?”

“மதகு வரைக்கும்.”

“அங்க என்ன இருக்குது?”

“ஒண்ணும் இல்ல,” என்றாள் அருள்மேரி. “போயிட்டு வரணும்.”